மொன்டானா மலைகளில் ஆறு வாரம்: ஃபீல்டு கேம்ப்புக்குப் போகத் தயங்கும் ஜியாலஜி மாணவிக்கு

கேள்வி இதுதான்: திருச்சியில் பி.எஸ்சி. ஜியாலஜி முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்திருக்கும் ஒரு மாணவி. இளங்கலையில் முழு அளவிலான ஃபீல்டு கேம்ப் (வெளியே தங்கிப் பாறைகளைப் பார்த்து வரைபடம் போடப் பழகும் முகாம்) செய்யாததால், இந்தக் கோடையில் மொன்டானாவின் தென்மேற்கு மலைகளில் ஆறு வார முகாமுக்குப் போய் அந்த கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது துறை. "எனக்கு நிலத்தடி நீர் மாடலிங்கில்தான் ஆர்வம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறவளுக்கு இது எதற்கு? மலையேறிப் பழக்கமில்லை. சைவம் வேறு. அங்கே என்னதான் செய்யச் சொல்வார்கள்? அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாமா?"

தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கோடையிலேயே போங்கள். அந்த மலைகளில் மாணவனாக ஒரு கோடையும், பிறகு மாணவர்களுக்குத் துணையாக நிற்கும் டீச்சிங் அசிஸ்டென்டாகப் பல கோடைகளும் கழித்தவன் நான். மாடலிங் செய்யப் போகிறவருக்குத்தான் இந்த முகாம் மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதற்கு வருகிறேன். முதலில் இடத்தைப் பற்றி.

ராக்கி மலைப் பகுதியில் கோடை முகாம் நடத்துவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேம்ப் டேவிஸ் 1929 முதல் வயோமிங்கில் ஜாக்சன் ஊருக்கு அருகே இருக்கிறது. இண்டியானா பல்கலைக்கழகம் 1949இல் மொன்டானாவின் டொபாக்கோ ரூட் மலையடிவாரத்தில் தன் முகாமைத் தொடங்கியது. தங்களுக்கென்று நிலையமே இல்லாத பல்கலைக்கழகங்களும் டில்லன் போன்ற சின்ன ஊர்களில் தங்கி நடத்துகின்றன. அத்தனை தூரம் போகக் காரணம் உண்டு. மழை குறைவு, மரம் குறைவு, மண் போர்வை மெல்லியது. அதனால் பாறை வெளியே தெரியும். மடிந்த அடுக்குகள் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு ஓடுவதைக் கண்ணாலேயே தொடரலாம். 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய) பாறை முதல் பனியாறுகள் விட்டுப்போன கற்குவியல் வரை, எல்லாம் வேன் பயணத்தில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள். நிலத்தில் பெரும்பகுதி அரசு நிலம் என்பதால் நடமாடவும் தடை குறைவு. தனியார் பண்ணைகளுக்கு முகாமே அனுமதி வாங்கி வைத்திருக்கும். அங்கே உங்கள் பொறுப்பு ஒன்றே ஒன்று: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஆறரை மணி வாக்கில் சாப்பாடு. மதியத்துக்கு வேண்டிய சாண்ட்விச்சை அவரவரே செய்து கட்டிக்கொள்ள வேண்டும். வேனில் ஏறினால் எட்டு, எட்டரைக்கு வேலை செய்யும் இடம். முதல் சில நாள்கள் ஆசிரியர் கூடவே நடந்து ஒவ்வொரு பாறை அடுக்கையும் அறிமுகம் செய்து வைப்பார். அதன் பிறகு கையில் நில உயரங்களைக் காட்டும் ஒரு டோப்போ ஷீட்டைக் கொடுத்து, இரண்டு இரண்டு பேராக அனுப்பிவிடுவார்கள். சில சதுர கிலோமீட்டர் நிலம், நான்கைந்து நாள், முடிவில் ஒரு நிலவியல் வரைபடம், தரைக்கு அடியில் அடுக்குகள் எப்படி ஓடுகின்றன என்று காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படம், ஓர் அறிக்கை. மாலை ஐந்து மணிக்குத் திரும்பி, சாப்பிட்டு, அன்றைய கோடுகளை மையில் போட உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். உடம்பு களைப்பதைவிட இந்த இரவு வேலைதான் பலரைத் திணற வைக்கும். ஐபேடில் நேரடியாக வரைய வைக்கும் முகாம்கள் இப்போது கூடிவிட்டன. அப்படியிருந்தும் பெரும்பாலான ஆசிரியர்கள் முதல் வேலையையாவது காகிதத்தில் செய்யச் சொல்வார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருந்தால், பென்சில் கோட்டுக்கு எத்தனை அகலம் என்கிற உணர்வே வராது. 1:24,000 அளவுள்ள ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 24 மீட்டர். மழுங்கிய பென்சிலால் போட்ட ஒரு கோடு ஒரு பாறை அடுக்கையே விழுங்கிவிடும்.

இனி வேலை உண்மையில் என்ன என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டில்லனுக்கு வடக்கே பிளாக் மவுன்டன் என்றொரு இடம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மேப்பிங் பழகும் இடம் அது. அங்கே கூட்னி என்ற கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) பாறைத் தொகுதியின் மேல்பகுதியில் மெலிதான ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு வரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முழுக்க முழுக்கச் சின்ன நத்தை ஓடுகள், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியில் வாழ்ந்தவை. அதன் கீழே சிவப்புக் களிப்பாறை, மேலே பிளாக்லீஃப் என்ற சாம்பல் நிற ஷேல் (தகடு தகடாகப் பிரியும் களிப்பாறை). இரண்டும் மென்மையானவை என்பதால் நத்தைக் கல் மட்டும் முதுகெலும்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

நீங்களும் உங்கள் ஜோடியும் ஒரு முகட்டில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். காலடியில் நத்தைக் கல், மேற்கே 40 டிகிரி சாய்ந்திருக்கிறது. முந்நூறு மீட்டர் தள்ளி மேற்கில் இன்னொரு முகடு. அங்கேயும் அதே கல் போலத் தெரிகிறது, ஆனால் சாய்வு கிழக்கே. உடனே இறங்கி ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நோட்டை எடுத்து எழுதுங்கள்: "இது சின்க்லைனாக (கிண்ணம் போல் கீழே வளைந்த மடிப்பாக) இருக்க வேண்டும். அப்படியானால் நடுப் பள்ளத்தில் நத்தைக் கல்லைவிட இளைய பாறை, அதாவது சாம்பல் ஷேல், இருக்க வேண்டும்." எழுதிவிட்டு இறங்குங்கள்.

பள்ளத்தில் பாறையே தெரியாது. மண்ணும் சேஜ் புதரும்தான். அங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள். தரையைப் பாருங்கள். வளை தோண்டும் விலங்குகள் மண்ணைக் கிளறி வெளியே தள்ளியிருக்கும். அந்தக் குவியலைக் கையால் கலைத்தால் நகம் அளவு சில்லுகள் கிடைக்கும். சாம்பல் நிற ஷேல் சில்லு என்றால் உங்கள் ஊகம் ஒரு சோதனையைத் தாண்டிவிட்டது. சிவப்புச் சில்லு வந்தால் சின்க்லைன் கதை அப்படியே நிற்காது. நடுவில் ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) ஒன்று ஓடியிருக்கலாம். எதிர் முகட்டில் இருப்பது நீங்கள் நினைத்த கல்லே இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்க்க வேண்டும். இதைத்தான் ஆறு வாரமும் செய்யப் போகிறீர்கள். அடுத்த முகட்டில் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது, ஏறிப் போய்ப் பார்ப்பது, தவறினால் கதையை மாற்றுவது. தன் நோட்டில் அளவுகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு போகிற மாணவர் மூன்றாம் நாள் சிக்கிக்கொள்வார். நூறு ஸ்டிரைக் (அடுக்கு கிடைமட்டமாக ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) எண்கள் இருக்கும், அவற்றை இணைக்கும் எண்ணம் ஒன்றும் இருக்காது. முப்பது அளவுகளோடும் முப்பது கேள்விகளோடும் திரும்புகிறவரின் மேப் எப்போதும் மேலாக இருக்கும்.

இப்போது கோடுகளுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றையே நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாறைகள் சந்திக்கும் எல்லையைக் கண்ணால் பார்த்து, அது எங்கே என்று உறுதியாகத் தெரிந்தால், முழுக் கோடு. ஏறத்தாழ இங்கேதான் என்று தெரிந்தால் விட்டு விட்டு வரும் கோடு. வண்டலுக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்திருந்தால் புள்ளிக் கோடு. பார்த்தது எது, ஊகித்தது எது என்பதைப் படிப்பவரிடம் மறைக்காமல் சொல்லும் ஏற்பாடு இது. நான் மேப்புகளைத் திருத்திய காலத்தில் முதலில் பார்த்தது இதைத்தான். புல்வெளிக்கு நடுவே தைரியமாக ஒரு முழுக் கோடு ஓடியிருந்தால், அந்த மாணவர் அங்கே போகவே இல்லை என்று தெரிந்துவிடும்.

உங்கள் மாடலிங்குக்கு இதில்தான் சம்பந்தம். நிலத்தடி நீர் மாடலில் அடுக்குகளை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் நீர் கடத்தும் திறனைக் கொடுப்பீர்கள். அந்த அடுக்குகளின் எல்லை எங்கிருந்து வந்தது? சில போர்வெல் பதிவுகளிலிருந்தும், யாரோ ஒருவர் வெயிலில் நின்று வரைந்த வரைபடத்திலிருந்தும். அந்த வரைபடத்தை டிஜிட்டல் கோப்பாக மாற்றி மாடலுக்குள் ஏற்றும்போது முழுக் கோடும் புள்ளிக் கோடும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. எந்த எல்லையை நம்பலாம், எதை இருநூறு மீட்டர் நகர்த்திப் பார்க்கலாம் என்பது ஒருமுறையாவது கோடு போட்டவருக்குத்தான் தெரியும். அங்கே நீங்கள் அளக்கப் போகும் மேடிசன் சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டானாவில் அது செங்குத்தான சாம்பல் நிறப் பாறைச் சுவராக நிற்கும். லூயிஸ் அண்ட் கிளார்க் குகைகள் அதற்குள்தான் இருக்கின்றன. கிழக்கே தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியில் அதே பாறை ரேபிட் சிட்டி போன்ற ஊர்களுக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர்த்தாங்கி. குகையும் வெடிப்பும் நிறைந்த அந்தப் பாறையை நேரில் பார்த்து, விரலை வெடிப்புக்குள் விட்டவர், அதற்கு ஒரே சீரான நீர் கடத்தும் எண் ஒன்றைக் கொடுக்க யோசிப்பார்.

எல்லாமே மேப்பிங் அல்ல. நடுவில் வாகனத்தில் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் நாள்களும் உண்டு. ஃபிளாட்ஹெட் மணற்கல் நேரடியாக நைஸ் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கட்டாயம் காட்டுவார்கள். மணற்கல்லுக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு, கீழே இருப்பது 250 கோடிக்கும் மேல். உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தால் இரண்டு பாறையும் ஒரே கைக்கு அடியில் இருக்கும், இடையில் 200 கோடி ஆண்டுப் பதிவு இருக்காது. பாடப் புத்தகத்தில் அன்கன்ஃபார்மிட்டி (பாறைப் பதிவில் விழுந்த இடைவெளி) என்ற சொல்லைப் பத்து முறை படித்தாலும் வராத ஒரு திகைப்பு அங்கே வரும். எத்தனை முறை அங்கே போனாலும் எனக்கு அது குறையவில்லை.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு மேற்கே ஹெப்கன் ஏரிப் பகுதியும் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். 1959 ஆகஸ்ட் 17 இரவு அங்கே 7-க்கு மேற்பட்ட அளவில் ஒரு நிலநடுக்கம். தரை சில இடங்களில் ஆறு மீட்டர் வரை இறங்கியது. அந்தப் படிக்கட்டு போன்ற வெட்டு இன்றும் தெரியும். மேடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஒன்று மொத்தமாகப் பெயர்ந்து விழுந்து ஆற்றை மறித்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்த 28 பேரில் பெரும்பாலோர் அந்தச் சரிவுக்கு அடியில் முகாமிட்டிருந்தவர்கள். அங்கே நின்று பாறையைப் பார்த்தால் காரணம் புரியும். மேலே சிதைந்து நெகிழ்ந்த ஷிஸ்ட் என்ற தகடு தகடான பாறையும் நைஸும், அவற்றைச் சரிவின் அடியில் தாங்கிப் பிடித்திருந்தது ஒரு டோலமைட் பாறைச் சுவர். அது உடைந்ததும் பின்னால் இருந்த எல்லாம் வந்துவிட்டது. ஒரு பாறையின் இடமும் சாய்வும் மனித உயிரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். அந்த இடத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற மாணவரை நான் பார்த்ததில்லை.

உடம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. ஓட்டப் பந்தயம் இல்லை. முந்நூறு, நானூறு மீட்டர் ஏற்ற இறக்கத்தோடு எட்டுப் பத்து கிலோமீட்டரை நாள் முழுக்க நின்று நின்று நடப்பீர்கள். இப்போதிருந்தே ஆறேழு கிலோ எடையுள்ள பையை மாட்டிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் படிக்கட்டு ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழகுங்கள், முழங்கால் வலிப்பது அப்போதுதான். டில்லன் ஊரே கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல். வேலை அதைவிட உயரத்தில். முதல் மூன்று நாள் மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கலாம், பிறகு சரியாகிவிடும். நம் ஊர் வெயில் தெரிந்தவர்கள் ஏமாறுவது காற்றின் வறட்சியில். வியர்வை தோலில் நிற்பதற்கு முன்பே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

செலவில் முதலிடம் பூட்ஸுக்கு. கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போட்டு நடந்து பழக்குங்கள். புது பூட்ஸோடு வந்தவர்கள் கொப்புளத்தோடு இரண்டாம் வாரம் வரை நொண்டுவதைப் பார்த்திருக்கிறேன். முழுக்கால் பேன்ட் வேண்டும், கெட்டித் துணியில். அங்கே தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி வளரும். ஸ்டிரைக் எடுக்க மண்டியிடும் இடத்தில்தான் அது இருக்கும். ஜூன் மாதத்தில்கூட உயரத்தில் பனி பெய்யலாம், எனவே மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் பையிலேயே இருக்கட்டும். சுத்தியல், 10 மடங்கு லென்ஸ் இரண்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரண்டன் காம்பஸ் விலை அதிகம், பெரும்பாலும் முகாமிலோ துறையிலோ இரவல் கிடைக்கும்.

காம்பஸ் பற்றி இரண்டு விஷயம், குறிப்பாக நம் ஊரில் படித்தவர்களுக்கு. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். கல்லூரி ஃபீல்டு டிரிப்பில் யாரும் அதைத் திருத்தியிருக்க மாட்டீர்கள். மொன்டானாவில் அது கிழக்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி. காம்பஸின் பக்கவாட்டுத் திருகைத் திருப்பி முதல் நாளே அமைத்துவிட வேண்டும், இரவல் காம்பஸ் என்றால் தினமும் சரிபார்க்க வேண்டும். அடுத்தது, ஸ்டிரைக் எழுதும் முறை. நாம் வடக்கு 30 கிழக்கு என்று எழுதிப் பழகியிருப்போம். அங்கே பெரும்பாலும் 0 முதல் 360 வரையிலான எண்ணும் வலக்கை விதியும்: ஸ்டிரைக் திசையைப் பார்த்து நின்றால் டிப் வலப்பக்கம் இருக்க வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு புத்தக அட்டையைச் சாய்த்து வைத்துப் பழகிவிடுங்கள். பழைய நைஸ் பகுதிகளில் சில இடங்களில் இரும்புத் தாது அடுக்குகள் உண்டு, அங்கே ஊசி தடுமாறும். எண் திடீரென்று பொருந்தாமல் போனால் அதையும் யோசியுங்கள்.

ஆபத்துகளில் நான் முதலில் வைப்பது மின்னல். கோடை மதியங்களில் இடிமேகம் வேகமாகக் கட்டும். முகட்டில் நின்று "இந்த ஒரு அளவு மட்டும்" என்று தாமதிக்காதீர்கள். இடி கேட்டால் இறங்குவதுதான் வேலை. கரடி இருக்கும் பகுதிகளில் பெப்பர் ஸ்ப்ரே கொடுத்துப் பயன்படுத்தக் கற்றுத் தருவார்கள். அதைப் பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள். சலசலப்புப் பாம்பு (ராட்டில்ஸ்நேக்) உண்டு, பார்க்காமல் பாறை இடுக்கில் கை வைக்காமல் இருந்தால் போதும். உண்ணியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, நினைக்க வேண்டும். ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலை அது பரப்பும் என்பதை 1906இல் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் நிரூபித்தார். அந்த ஆராய்ச்சி மேற்கு மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்டு நடந்தது. தினமும் மாலையில் குளிக்கும்போது தலைமுடி, காது மடல், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மலையில் கழிப்பறை கிடையாது. சின்ன கரண்டி மண்வெட்டி, டிஷ்யூ, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஜிப் பை, இது எல்லோருக்கும். மாதவிடாய் நாள்களுக்கு வேண்டியதை ஊரிலிருந்தே போதுமான அளவு எடுத்துப் போங்கள், பக்கத்துக் கடை ஒரு மணி நேரத் தூரம். "ஐந்து நிமிடம் நில், வருகிறேன்" என்று ஜோடியிடம் சொல்ல வெட்கமே வேண்டாம். தண்ணீரைக் குறைவாகக் குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்து வெயிலில் மயங்கிய பெண்கள் உண்டு. கூட வருபவரோ ஆசிரியரோ உங்களைச் சங்கடப்படுத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாள் கூட்டத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான முகாம் அதை அவர்களாகவே சொல்லும்.

சைவம் பெரிய பிரச்சினை இல்லை. விண்ணப்பப் படிவத்தில் உணவு பற்றிய இடம் இருக்கும். முட்டை, பால் சேர்க்கலாமா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். இரவுச் சாப்பாடு சரியாக இருக்கும். மதிய சாண்ட்விச்தான் மூன்றாம் வாரத்தில் சலித்துப்போகும். ஊறுகாய் பாட்டில் ஒன்றும் பருப்புப் பொடியும் கொண்டு போங்கள்.

மதிப்பெண் பெரும்பாலும் மேப்புக்கும் குறுக்குவெட்டுக்கும். ஜோடியாக நடந்தாலும் வரைவது தனித்தனியாகத்தான். ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். வேகமாக நடப்பவர் அமைந்தால் அவர் பின்னால் ஓடாமல், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று காலையிலேயே ஷீட்டில் குறித்து ஒப்புக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டை கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். இரண்டாம் நாளே கரடுமுரடாக ஒன்று வரைந்து பார்த்தால், எங்கே அளவு போதவில்லை என்பது மலையில் இருக்கும்போதே தெரியும். மறுநாள் போய் எடுத்து வரலாம்.

அடுத்த வருடம் என்று தள்ளினால் தீசிஸ் எழுதும் கோடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள், மாடலில் எல்லைகளைப் போட்டு முடித்த பிறகு. கட்டணம் சில ஆயிரம் டாலர் ஆகும். துறையிலும் முகாம் நடத்தும் பல்கலைக்கழகத்திலும் பழைய மாணவர்களின் நன்கொடையில் உதவித்தொகை இருக்கிறதா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள், ஒரு இடத்தில் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். நல்ல முகாம்களில் இடம் குளிர்காலம் முடிவதற்குள் நிரம்பிவிடும். இந்த வாரமே உங்கள் ஆலோசகரிடம் கிரெடிட் மாற்றம் பற்றி எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள். பூட்ஸை அதற்கு அடுத்த நாள் வாங்கலாம்.